காத்திருக்கும் திரை – 7: மூலை இல்லாத வானம்

போன வாரம் ஸ்டெல்லாரிஸ் கணினி விளையாட்டின் லோடிங் படங்கள் குடியிருக்கும் ஃபோல்டர் வரை வந்திருந்தோம். அதே பெயரில் நம் படத்தை மாட் ஆகப் போட்டால் விளையாட்டு அதைத்தான் காட்டும். இந்த வாரம் அந்தப் படங்கள் இருக்கும் டிடிஎஸ் கோப்பைப் பிரிப்பதாகச் சொல்லியிருந்தேன். ஒரு படம் வழிமறித்துவிட்டது.

ஸ்டாக்ஹோமின் பாரடாக்ஸ் 2016 மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில் வரும் விண்மீன் மண்டலம் கற்பனை. அது திறக்கும்வரை காத்திருக்கும் திரையிலாவது நிஜ வானம் இருக்கட்டும் என்பது என் ஆசை. நாசா படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமைத் தடை இல்லை. அதனால் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1 அன்று எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தை எடுத்தேன். கழுகு நெபுலாவில், சுமார் 6,500 ஒளியாண்டுக்கு அப்பால், வாயுவும் தூசியும் மூன்று தூண்களாக எழுந்து நிற்கும் படம்.

அதன் மேல் மூலையில் படிக்கட்டு போல ஒரு கறுப்பு வெட்டு உண்டு. அச்சுக்காரர்கள் வெட்டியது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இல்லை, அது கேமராவின் வேலை!

ஹபிளின் கண்ணாடி பிசகாகத் தேய்க்கப்பட்டிருந்தது ஊரறிந்த கதை. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கல வீரர்கள் மேலே போய், அந்தப் பிசகைச் சரிக்கட்டும் புதிய கேமராவைப் பொருத்தினார்கள். பேருக்குத்தான் ஒரு கேமரா, உள்ளே நான்கு. ஒவ்வொன்றும் 800-க்கு 800 பிக்சல். மூன்று அகலமாகப் பார்க்கும். நான்காவது கோள்களைப் பார்க்கச் செய்தது, இரண்டு மடங்குக்கு மேல் நெருங்கிப் பார்க்கும். நான்கையும் ஒட்ட வேண்டுமென்றால் நான்காவதை மற்றவற்றின் அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். சுருக்கினால் அதன் சதுரம் கால்வாசிக்கும் குறைவாகி உள்மூலையில் ஒடுங்கிவிடும். சுற்றி மிஞ்சும் கறுப்பு, அன்றைக்கு எந்தக் கேமராவும் பார்க்காத வானம்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் 32 படங்களைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்ததும் அவர்கள்தான்.

ஒட்டிய படம் ஏறக்குறைய 1,600 பிக்சல் சதுரம். என் திரையோ 1,920-க்கு 1,080. அகலம் முழுதும் வேண்டுமென்றால் உயரத்தில் 900 பிக்சல்தான் நிற்கும். தூணின் தலையா, அடியா? தலையை வைத்தேன். புது விண்மீன்கள் உருவாகும் விரல் நுனிகள் அங்கேதான் இருக்கின்றன. கறுப்புப் படிக்கட்டும் கூடவே வந்தது. பக்கத்து மேகத்தை நகலெடுத்து அதை மூடுவது பத்து நிமிட வேலை. மனம் வரவில்லை. 2014-இல் ஹபிளே வேறொரு கேமராவால், மூலை குறையாமல், இன்னும் கூர்மையாக இதே தூண்களை எடுத்திருக்கிறது. திரைக்கு அதுதான் பொருத்தம். ஆனாலும் என் கணினியில் பழையதுதான் இருக்கிறது.

டிடிஎஸ் அடுத்த வாரம். படத்தை 4-க்கு 4 பிக்சல் கட்டங்களாக நறுக்கிச் சுருக்கும் அந்தக் கணக்கில், இந்தக் கறுப்புப் படிக்கட்டின் ஓரம் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)