படமும் பேச்சே

வாய்ப்பேச்சே அறிவின் அடையாளம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நான்கு வயதாகியும் பேசாத குழந்தையை ஒன்றும் அறியாததென ஒதுக்கிவிடுகிறோம். படங்களைக் கொண்டு அதற்குப் பழக்கம் செய்விக்கலாமென்றால், “அதுவே பழகிவிடும், பிறகு பேச்சே வராது” என்று தடுப்போரும் உளர். ஆட்டிஸம் உள்ள குழந்தைகள் விஷயத்தில் இத்தடை பெருந்தீங்கு என்பது நமது துணிபு.

ஆட்டிஸம் பெற்றோரின் வளர்ப்புக் குறையால் நேர்வதன்று. மூளை வளரும் விதத்தைச் சார்ந்தது. 1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர், 11 குழந்தைகளைக் குறித்து இதனை விரிவாக எழுதினார். அவர்களில் 3 பேர் பேசவில்லை. பேசிய 8 பேரும் தம் கருத்தைப் பிறருக்குத் தெரிவிக்கும் பொருட்டுப் பேசவில்லை என்று அவர் கண்டார். ஆகவே, வாயில் சொல் இருப்பது வேறு. பிறருடன் கருத்துப் பரிமாறிக்கொள்வது வேறு.

இக்குழந்தைகளின் பார்வை எங்கே செல்கிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 2002-ல் அமி க்ளின் முதலிய அறிஞர்கள், ஆட்டிஸம் உள்ள 15 இளைஞர்களுக்குச் சினிமாக் காட்சிகளைக் காட்டி, அவர்களது கண்ணோட்டத்தைக் கருவிகொண்டு அளந்தனர். மற்றவர்கள் பாத்திரங்களின் கண்களை நோக்க, இவர்கள் வாயையும் உடலையும் பொருள்களையும் அதிகமாக நோக்கினர். அப்படியிருக்க, “என் முகத்தைப் பார், நான் சொல்வதைச் சொல்” என்று பாடத்தைத் துவக்கும் உபாத்தியாயர், குழந்தைக்கு மிகக் கடினமான இடத்திலிருந்தே துவக்குகிறார். சொல்லோ, சொன்ன மாத்திரத்தில் மறைந்துவிடும். படம் கண்முன் நிற்கும். வேண்டியமட்டும் பார்க்கலாம், கையிலும் எடுக்கலாம்.

இவ்வசதியை நன்கு பயன்படுத்தும் முறையொன்றை 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் மாகாணத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் வகுத்தனர். குழந்தை விரும்பும் பண்டத்துடன் ஒருவர் எதிரில் அமர்வார். மற்றொருவர் பின்னாலிருந்து குழந்தையின் கையைப் பற்றி, அப்பண்டத்தின் படத்தை எடுத்து எதிரிலிருப்பவரிடம் கொடுக்கச் செய்வார். கொடுத்தவுடன் பண்டம் கிடைக்கும். “என்ன வேண்டும்?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் சொல்வது என்ற பழக்கம் ஏற்படாமல், குழந்தை தானே முன்வந்து தெரிவிக்க வேண்டுமென்பதே இதன் நோக்கம். நாளடைவில் பின்னிருந்து உதவிய கை விலகிவிடும். தூரத்திலிருப்பவரைத் தேடிச் சென்று படத்தைக் கொடுத்தல், பல படங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்தல், படங்களை வரிசைப்படுத்தி வாக்கியமாக்குதல், கேள்விக்கு விடையளித்தல், கண்டதைத் தானே எடுத்துரைத்தல் என இம்முறை 6 படிகளாக வளர்கிறது.

படம் பேச்சைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. வளர்ச்சிக் குறைபாடுடைய 27 பேரிடம் படம், சைகை போன்ற முறைகள் அளித்த பலனை 2006-ல் அறிஞர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை; நூற்றுக்கு 89 பேருக்குச் சிறிதேனும் பெருகிற்று. படம் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. சிலருக்குப் படத்தைவிட அப்பொருளே உதவும். சிலர் எழுத்தை நாடுவர். எது உதவுமென்று குழந்தையைக் கவனித்தே அறிய வேண்டும். ஆனால் எதையும் கொடாமல், பேச்சு வரட்டுமென்று வருஷக் கணக்கில் காத்திருப்பது முறையாகாது. பசியையும் நோவையும் சொல்ல வழியறியாத குழந்தை அலறுகிறது. நாம் அதனைப் பிடிவாதம் என்கிறோம்!

சட்டமும் இக்குழந்தைகளின் பக்கமே நிற்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கருத்துப் பரிமாற்றம் என்பதில் கண்ணால் காணும் முறைகளையும் பேச்சுக்குத் துணையான மாற்று முறைகளையும் சேர்த்திருக்கிறது. அவற்றைக் கல்வியில் பரவச் செய்வதைச் சர்க்காரின் கடமையாகவும் விதித்திருக்கிறது. சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ என்ற சாதனம், படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கிறது. சாதனம் வாங்க இயலாதோருக்கு அட்டையும் படங்களும் போதும்.

எனவே பொருட்குறையைக் காரணம் காட்டுவதற்கில்லை. உபாத்தியாயர்களுக்குத் தகுந்த பயிற்சி அளிக்கப்பட வேண்டும். குழந்தையின் படப்புத்தகம் பையில் முடங்காமல் எந்நேரமும் அதன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்டனையாக அதைப் பிடுங்குவது வாயைக் கட்டுவதற்கொப்பாகும். பேச்சுரிமைக்காக வாதாடும் பொதுஜன ஊழியர்கள், தத்தம் ஊர்ப் பள்ளிகளில் இவை நடைபெறுகின்றனவா என்று விசாரித்து, நடைபெறாத இடங்களில் வற்புறுத்துவார்களென நம்புகிறோம்.