வீட்டைக் கழுவ எவ்வளவு நஞ்சு வேண்டும்?

வலிகாமத்துக் கிராமமொன்றில் நாம் நடத்தும் மகளிர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான்கைந்து வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். ஒரு மாதம் அவரைக் காணவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சுவரோடு சாய்ந்திருந்தார். நாலு சொல் பேசினால் ஓர் இருமல்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. வெளிநாட்டிலயிருந்து ஆக்கள் வருகினம், கக்கூசை வடிவாக் கழுவுங்கோ எண்டு சொன்னவை. அசிட் விட்டும் மஞ்சள் போகேல்லை. அதுக்கு மேல குளோரினையும் ஊத்தினன். கண் எரிஞ்சுது, பிறகு மூச்சு எடுக்கேலாமல் போச்சு."

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அதைவிட, அந்த வீட்டு வேலை போய்விடுமோ என்பதே அவருடைய கவலையாக இருந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் நானும் தேடிப் படித்தேன். மலசலகூடம் கழுவும் அசிட் ஐதரோகுளோரிக் அமிலம். நாம் குளோரின் என்று வாங்கும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படையினர் மீது திறந்துவிடப்பட்ட அதே வாயு. இது காற்றைவிடப் பாரமானது. ஆகவே நிலத்தோடு தேங்கும். சின்ன மலசலகூடத்துக்குள் குந்தியிருந்து உரஞ்சுகிற பெண்ணின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் அது நிற்கும்.

நானும் என் குசினித் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆறு போத்தல்கள். 2020இல் கொரோனாவுக்குப் பயந்து வாங்கிய குளோரின் திரவம் ஒரு சோடாப் போத்தலில் இருந்தது. அதன் மேல் ஓர் எழுத்தும் இல்லை. தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்குச் சோடாப் போத்தல் சோடாப் போத்தல்தான். மண்ணெண்ணெயையும் நாம் இப்படித்தானே வைத்திருக்கிறோம்.

இந்த மஞ்சளும் வெள்ளையும் கலந்த படிவு ஏன் எங்கள் பக்கத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எமது கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் வாளியின் விளிம்பில் சொரசொரப்பாக ஒட்டுவதும் அதுவே. இதை அழுக்கு என்று நினைத்து நாம் மேலும் மேலும் காரமான பொருளைத் தேடுகிறோம். உண்மையில் இது கல். கல்லைக் குளோரின் கரைக்காது. நிறத்தை மட்டும் வெளிற்றிவிடும். அக்கா ஊற்றிய இரண்டாவது போத்தலால் அந்தக் கறைக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

கல்லைக் கரைக்க அமிலம்தான் வேண்டும். ஆனால் அது அசிட்டாக இருக்க வேண்டியதில்லை. கறிக்கு விடுகிற வினாகிரியும் அமிலம்தான், மெதுவாக வேலை செய்யும், அவ்வளவே. இரவு படுக்கப் போகுமுன் பழைய துணியை வினாகிரியில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டப் போட்டுவிட்டு, விடிய எழும்பித் தும்பு பிரஷால் உரஞ்சுங்கள். பல வருடக் கறை என்றால் மூன்று நாலு இரவு செல்லும். கேத்திலுக்குத் தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் விட்டுக் கொதிக்க வைத்தால் போதும். ஆனால் சீமெந்து நிலத்தில் இவற்றை ஊற்றாதீர்கள். சீமெந்திலும் சுண்ணாம்பு இருப்பதால் நிலம் அரிக்கும். நிலத்துக்குச் சுடுதண்ணீரும் கொஞ்சச் சவர்க்காரமும் போதும்.

எண்ணெய்ச் சட்டிக்கு அம்மம்மா பாவித்த சாம்பலைப் பலர் ஏளனமாகப் பார்த்தார்கள். 2022இல் சவர்க்காரம் எட்டாத விலைக்கு ஏறியபோது அதே சாம்பல் பல குசினிகளுக்குத் திரும்பி வந்தது. விறகுச் சாம்பலில் உள்ள காரம் கொழுப்பைப் பிடித்துச் சவர்க்காரம் போலவே கழற்றும். பொலித்தீன் எரித்த சாம்பலைத் தொடவே வேண்டாம். அலுமினியச் சட்டிக்கும் சாம்பல் ஆகாது, கறுத்துவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளியை மிஞ்சியது இல்லை.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். பொங்கி வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று மற்றதன் சக்தியைக் கொன்றுவிடுவதால், மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அப்பச்சோடாவைத் தனியாக அடுப்பையும் தொட்டியையும் உரஞ்சப் பாவியுங்கள்.

இயற்கைப் பொருள் என்றால் எதையும் எதோடும் கலக்கலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. வினாகிரியோ தேசிக்காயோ குளோரினோடு சேர்ந்தாலும் அதே நச்சு வாயு வரும். குளோரினைத் தூக்கி எறியுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் என்றாலோ, வெள்ளம் வற்றிய பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் இடச் சொன்னாலோ, அதன் வேலையை வினாகிரி செய்யாது. குளோரினைத் தண்ணீரில் கரைத்து, தனியாக, கதவைத் திறந்து வைத்துப் பாவிக்க வேண்டும். தினமும் ஊற்றினால் மலக்குழியில் கழிவை உக்கச் செய்யும் பக்டீரியாக்களும் செத்துப்போகும். குழி சீராக வேலை செய்யாவிட்டால், வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் வழியே அது போகும் இடம் எமது கிணறு.

யாருக்காவது இப்படி மூச்சு முட்டினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் சுகமானது போலத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கட்டுவது சில மணித்தியாலங்கள் கழித்தும் தெரியவரலாம். பிள்ளை அசிட்டையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் நான் சொல்லி முடிக்க, ஒரு பெண் கேட்டார்: "ஒரு இரவு ஊற வைக்கிறதுக்கு எங்களை ஆர் விடப் போகினம்? ஒரு மணித்தியாலத்தில முடிச்சுப்போட்டுப் போகச் சொல்லுவினம்." அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வினாகிரியைப் பற்றிப் பேசுவது எனக்கு லேசு. என் வீட்டை நானே கழுவுகிறேன். கூலிக்குக் கழுவுபவருக்கு எந்தப் போத்தலைக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர், அந்தப் புகைக்குள் குந்தியிருப்பதில்லை. தீர்மானிப்பவரும் பெரும்பாலும் ஒரு பெண் என்பதால்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

அக்காவை அந்த வீட்டார் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது வேறு இரண்டு வீடுகளுக்குப் போகிறார். பைக்குள் ஒரு போத்தல் வினாகிரியும் பழைய சாரத் துண்டும் இருக்கும். "நாளைக்குக் கழுவ வாறன், இண்டைக்கு இரவு இதை நனைச்சுப் போட்டுவிடுங்கோ" என்று முதல் நாளே கொடுத்துவிட்டு வருகிறாராம். ஒரு வீட்டில் சரி என்று போட்டுவிடுகிறார்கள். மற்ற வீட்டில் இன்னும் அசிட் போத்தலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அதைப் பாவிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டேன் என்று அந்த வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.