"தோத்தா மறுபடி ஆடலாம்மா!" - மகன் கொடுத்த போனில் நான்கு கேம்கள்

"எப்பப் பாரு போன்தானா?"

இந்தக் கேள்வியை நான் கேட்காத நாளே கிடையாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அதன் சத்தம் இன்னும் கூடிவிட்டது. மகன் எதிர்பார்த்த கட்-ஆஃப் வரவில்லை. ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். 'இவனுக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கா?' என்று எனக்குள் ஒரே பொருமல்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தியேவிட்டேன். அவன் கோபப்படவில்லை. போனை என் கையில் கொடுத்து, "திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பாரும்மா" என்றான்.

கேண்டி க்ரஷ்ஷைத் தாண்டி எதுவும் தெரியாத நான், அடுத்த இரண்டு மாதங்களில் நான்கு கேம்களை ஆடிப் பார்த்தேன். இரண்டு, கண்ணைக் கலங்கவைத்த கதைகள். இரண்டு, மூளையைக் கசக்கிப் பிழிந்த புதிர்கள்.

அலமாரியில் ஓர் இடம் - ஃப்ளோரன்ஸ்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் 'மவுன்டன்ஸ்' நிறுவனம் உருவாக்கிய கேம் இது. 2018 காதலர் தினத்தன்று வெளியானது. ஃப்ளோரன்ஸ் 25 வயதுப் பெண். காலையில் அலாரம், பல் துலக்கல், ஆபீஸ், அம்மாவின் போன்கால் என்று ஒரே மாதிரி ஓடும் வாழ்க்கை. ஒருநாள் செல்லோ வாசிக்கும் க்ரிஷ் என்ற இளைஞனைச் சந்திக்கிறாள்.

இதில் வசனமே கிடையாது என்று சொல்லலாம். இருவரும் பேசுவதை, உடைந்த பேச்சுக்குமிழியின் துண்டுகளை நாம் சேர்ப்பதன் மூலம் காட்டுகிறார்கள். முதல் சந்திப்பில் துண்டுகள் அதிகம். தயங்கித் தயங்கித்தான் பேச முடிகிறது. நெருக்கம் கூடக்கூடத் துண்டுகள் குறைகின்றன. பேச்சு சரளமாகிறது. பிறகு சண்டை வரும்போது அதே துண்டுகள் கூர்மையாகிவிடுகின்றன. அவரை முந்தவேண்டும் என்று நாமும் வேகவேகமாக அடுக்குகிறோம். எங்கள் வீட்டுச் சண்டைகளும் இப்படித்தானே என்று தோன்றியது.

க்ரிஷ் அவள் வீட்டுக்குக் குடிவரும்போது, அவன் பொருட்களுக்கு அலமாரியில் இடம் ஒதுக்குவது நம் வேலை. பிரிந்து போகும்போது அதே பொருட்களை எடுத்துப் பெட்டியில் வைப்பதும் நம் வேலைதான். பிரிவைத் தடுக்க ஒரு பட்டனும் இல்லை. சுமார் அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். எனக்கு அதிலிருந்து வெளியேவர ஒருநாள் ஆனது.

பதிலுக்குக் காத்திருத்தல் - பரி மீ, மை லவ்

'என்னைப் புதைத்துவிட்டுப் போ' என்பதுபோல ஒலிக்கும் இந்தத் தலைப்பு, சிரியாவில் அன்பாகச் சொல்லும் ஒரு வழக்கு. 'பத்திரமா இரு, எனக்கு முன்னாடி நீ போயிடாதே' என்று அர்த்தம்.

போரிலிருந்து தப்பி, சிரியாவின் ஹோம்ஸ் நகரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறாள் நூர். குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிடுகிறான் கணவன் மஜ்த். நாம்தான் மஜ்த். கேம் முழுக்க வாட்ஸப் போன்ற ஒரு திரைதான். அவள் கேட்பதற்கு நாம் பதில் அனுப்பவேண்டும். எந்த வழியில் போகலாம், யாரை நம்பலாம் என்று நாம் சொல்வதும் அவள் பயணத்தை மாற்றுகிறது. மொத்தம் 19 முடிவுகள் இருக்கின்றன.

கதைக்கு நிஜமான வேர் உண்டு. சிரியாவிலிருந்து தப்பிய ஒரு பெண்ணின் வாட்ஸப் உரையாடல்களை பிரான்ஸின் 'லெ மோந்த்' நாளிதழ் 2015-ல் வெளியிட்டது. அதன் பாதிப்பில் 2017-ல் இந்த கேம் வந்தது.

நிஜ நேரத்தில் ஆடும் வசதியும் இதில் இருக்கிறது. நூர் கடலைக் கடக்கிறாள் என்றால், மணிக்கணக்கில் செய்தியே வராது. நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே போனை எட்டி எட்டிப் பார்த்தேன். என் நூர் ஜெர்மனி போய்ச் சேரவில்லை. நல்லது என்று நினைத்து நான் சொன்ன ஒரு யோசனைதான் காரணம். அனுப்பிய பதிலைத் திரும்பப் பெறவும் முடியாது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

செத்தால் முதலிலிருந்து - ஹாப்லைட்

"அழுதது போதும், இதை ஆடு" என்று மகன் காட்டியது 'ரோக்லைக்' வகை கேம். 1980-ல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' என்ற கேம்தான் இந்தப் பெயருக்குக் காரணம். ஒவ்வொரு முறையும் பாதாள அறைகள் புதிதாக அமையும். செத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

2013-ல் வந்த 'ஹாப்லைட்' அதன் சின்ன வடிவம். அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகையில் ஈட்டியோடு ஒரு கிரேக்க வீரன். நாம் ஒரு அடி வைத்தால் எதிரிகளும் ஒரு அடி வைப்பார்கள். யார் எந்தக் கட்டத்தில் தாக்க முடியும் என்பது முன்பே தெரியும். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்குச் சட்டெனப் பிடிபடும். 16-வது தளத்தில் இருக்கும் பொற்கம்பளியை எடுக்கவேண்டும். நான் முதல் நாள் நான்காவது தளத்தைத் தாண்டவில்லை. "அதிர்ஷ்டமே இல்லடா" என்றேன். "இல்லம்மா, வில்வீரன் நேர்க்கோட்டுலதான் அடிப்பான். நீ போய் அதே கோட்டுல நின்னே" என்றான். தவறு என்னுடையதுதான்!

64-ஐ 192 ஆக்கும் ஜோக்கர் - பலாட்ரோ

'போக்கர்' என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆன்லைன் ரம்மியால் அழிந்த குடும்பங்களின் கதைகளைக் கேட்ட ஊர் இது. ஆனால் பலாட்ரோவில் பணம் வைத்து ஆட வழியே இல்லை. சீட்டுகளைச் சேர்த்துப் புள்ளிகள் எடுக்கும் கணக்கு விளையாட்டு.

ஒரு ஜோடி ஏஸ் போட்டால் 32 புள்ளி. அதை 2-ஆல் பெருக்கினால் 64. கையில் சாதாரண ஜோக்கர் ஒன்று இருந்தால் பெருக்கும் எண் 6 ஆகும். அதே ஜோடிக்கு 192! இப்படி 150 வகை ஜோக்கர்கள். முதல் சுற்றில் 300 புள்ளி எடுத்தால் போதும். பிறகு இலக்கு எகிறும். எட்டாவது கட்டத்தைத் தாண்டினால் வெற்றி.

'லோக்கல்தங்க்' என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் உருவாக்கியது இது. 2024 செப்டம்பரில் மொபைலுக்கு வந்து, அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த மொபைல் கேம் விருதையும் வென்றது. ஐரோப்பாவின் 'பெகி' அமைப்பு சீட்டுக்கட்டைப் பார்த்து இதற்கு 18 வயதுத் தரம் கொடுத்து, 2025-ல் 12 ஆகக் குறைத்தது. நான் பயந்ததில் தப்பில்லைதான்!

பெற்றோர் கவனத்துக்கு...

பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுகிறது என்பதோடு, என்ன ஆடுகிறது என்றும் பாருங்கள். ஃப்ளோரன்ஸ், பலாட்ரோ இரண்டையும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். நடுவில் விளம்பரமோ, 'இன்னும் பணம் கட்டு' என்ற தொல்லையோ கிடையாது. 'இலவசம்' என்று தொடங்கி, உள்ளே காசு கேட்டுக்கொண்டே இருப்பவைதான் ஆபத்து. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பலாட்ரோவும்கூட 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று நேரத்தை விழுங்கும். அதற்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருக்கிறேன்.

ஒருநாள் மகனிடம் கேட்டேவிட்டேன். "ரிசல்ட் வந்த அன்னிக்கு இதைத்தான் ஆடிட்டிருந்தியா?"

"ஆமாம்மா. பதினோரு தடவை தோத்தேன். தோத்தா மறுபடி ஆடலாம்மா. அன்னிக்கு எனக்கு அது தேவைப்பட்டுச்சு."

கவலை இல்லாதவன் என்று நினைத்தேனே! அவன் கவலையை அவனுக்குத் தெரிந்த வழியில் சுமந்திருக்கிறான். வாழ்க்கையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆட முடியாது என்பது எனக்குத் தெரியும். நூர் விஷயத்தில் அதைத்தானே பார்த்தேன். ஆனால் அன்று அவனுக்குத் தேவைப்பட்டது என் அறிவுரை இல்லை. பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்து, கோவை ஹாஸ்டலுக்குக் கிளம்பினான். அவன் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துப் பெட்டியில் வைத்தபோது ஃப்ளோரன்ஸ் ஞாபகம் வந்தது. கேரம் ஸ்ட்ரைக்கரை மட்டும் எடுக்கவில்லை. அது இங்கேயே இருக்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். சாப்பிட்டியா, துணி துவைச்சியா என்று கேட்டு முடித்ததும் நானே ஆரம்பிக்கிறேன்.

"ஏழாவது கட்டத்துல தோத்துட்டேன்டா."

"எந்த ஜோக்கர் வெச்சிருந்தே, சொல்லு" என்கிறான்.

பேச்சு அப்புறம் அரை மணி நேரம் போகிறது.