நாவல் வாசகரின் ஜர்ஹும் தஅதீலும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு, இஷாத் தொழுகைக்குப் பின் விடுதியைச் சுற்றி வந்தபோது, ஐந்தாம் ஜும்ரா மாணவர் ஒருவர் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் அரபு நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். எகிப்திய எழுத்தாளர் அஹ்மத் காலித் தவ்ஃபீக்கின் திகில் நாவல் அது. மறுநாள் பாடம் முடிந்ததும் அவரை அழைத்து, நூல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறது ஹஜ்ரத்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அருகில் நின்ற மற்றொரு மாணவர், நான் கேட்காமலே, "அதெல்லாம் கெட்ட புத்தகம் ஹஜ்ரத்" என்றார்.

"நீ படித்தாயா?"

"இல்லை ஹஜ்ரத். நாவல்தானே!"

இருவருமே காரணம் கூறவில்லை. ஆயினும் இவ்விரு தீர்ப்புகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என் மனம் ஒப்பவில்லை. ஏனென்று எண்ணிப் பார்த்தபோது, நாம் அன்றாடம் கற்பிக்கும் உலூமுல் ஹதீஸிலேயே அதற்கு விடை இருப்பது தெரிந்தது.

ஹதீஸ் அறிவிப்பாளர்களைக் குறை கண்டு விலக்குவதை ஜர்ஹ் என்றும், நம்பகமானவரெனச் சான்றளிப்பதைத் தஅதீல் என்றும் அக்கலையினர் வழங்குவர். ஹி. 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இவ்விரண்டுக்குமிடையே ஒரு வேறுபாட்டைச் சரியானதெனக் கொள்கிறார்கள். தஅதீலுக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. ஒருவர் நல்லவர் என்பதற்கான காரணங்களை எண்ணத் தொடங்கினால் அவற்றுக்கு முடிவிராது. ஜர்ஹோ விளக்கப்பட்டால்தான் ஏற்கப்படும். எது குறை என்பதில் மனிதர்கள் வேறுபடுகிறார்கள். ஷுஅபா (ரஹ்) போன்ற மாபெரும் இமாமிடமே, ஒருவருடைய ஹதீஸை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வினவப்பட்டபோது, அவர் குதிரையை விரட்டி ஓட்டிச் சென்றதைப் பார்த்தேன் என்று விடையளித்ததாக அக்கலை நூல்கள் கூறுகின்றன. காரணம் கேட்கப்பட்டிராவிட்டால் அந்த அறிவிப்பாளரின் மீது படிந்த கறை அப்படியே நின்றிருக்கும். கேட்கப்பட்டதால், அது கறையே அன்று எனப் பின்வந்தோர் அறிந்தனர்.

நாவலை ஹதீஸுடன் ஒப்பிடுவதாக யாரும் கருத வேண்டாம். அவ்வாறு எண்ணுவதும் அதபுக்குப் புறம்பானது. நான் கடன் வாங்குவது அளவுகோலை மட்டுமே. தொழில்முறை விமர்சகரல்லாத சாதாரண வாசகர் ஒரு நாவலை 'நன்று' என்று சொன்னால் அது போதும். 'தீது' என்று சொன்னால் காரணம் கூற அவர் கடமைப்பட்டவர். அந்தக் காரணமும் அந்நாவல் எவ்வகையைச் சேர்ந்ததோ அவ்வகைக்குப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். இதனை அரபு நாவலின் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம்.

நாவல் என்ற பெயர் வருவதற்கு முன்பே கதையும் இருந்தது, கதையைப் பற்றிய தீர்ப்பும் இருந்தது. கி.பி. 987 அளவில் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த பக்தாத் நூல் வணிகர் இப்னுந் நதீம், ஆயிரத்தோர் இரவுகளின் மூலநூலை முழுமையாகப் பலமுறை பார்த்ததாகக் குறிப்பிட்டுவிட்டு, அது சுவையற்ற, உயிர்ப்பில்லாத நூல் என்று ஒதுக்கினார். மக்களோ அவர் தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. 1836இல் எகிப்தியரின் வாழ்க்கை முறைகள் பற்றிய நூலை வெளியிட்ட எட்வர்ட் லேன், கெய்ரோவின் காப்பி கடைகளில் கதை சொல்லிப் பிழைத்தோரைக் கணக்கெடுத்திருக்கிறார். அபூ ஸைத் அல்ஹிலாலியின் கதையைப் பாடுவோர் ஏறத்தாழ 50 பேர். சுல்தான் ளாஹிர் பைபர்ஸின் கதையைச் சொல்வோர் ஏறத்தாழ 30 பேர். அன்தராவின் கதையை நூலைப் பார்த்து வாசிப்போர் 6 பேர். எந்தக் கதையை எத்தனை பேர் விரும்பினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்கெடுப்பு வேண்டுமா? அவர்களில் எவரும் காரணம் கூறவில்லை; கூற வேண்டியதுமில்லை. வந்து அமர்ந்ததே தஅதீல்.

நமது பாடத்திட்டத்தில் உள்ள 'மகாமாத்துல் ஹரீரி'யும் கற்பனைக் கதைகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதன் நாயகன் அபூ ஸைத் அஸ்ஸரூஜி, ஊர் ஊராகச் சென்று நாவன்மையால் மக்களை ஏமாற்றிப் பணம் பறிப்பவன். கற்பனை என்பதற்காக எவரும் குறை கூறக்கூடும் என்று எதிர்பார்த்த ஹரீரி (ரஹ்), தம் முன்னுரையிலேயே விலங்குகள் பேசும் கதைகளைச் சுட்டிக்காட்டித் தமக்காக வாதாடியிருக்கிறார்கள். அந்த முன்னுரையை ஆண்டுதோறும் நஹ்வு பிரித்துப் பாடம் நடத்துகிறோம். அதன் பொருள் நம் செவியில் ஏறுவதில்லை.

நவீன காலத்தில் முதன்முதலாகப் பெருந்திரளான அரபு வாசகரை ஈர்த்தவை வரலாற்று நாவல்கள். பெய்ரூத்தில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய கிறிஸ்தவரான ஜுர்ஜி ஸைதான் (1861 - 1914), 1892இல் 'அல்ஹிலால்' இதழைத் தொடங்கி, அதில் இஸ்லாமிய வரலாற்றைத் தழுவிய நாவல்களைத் தொடராக எழுதி வந்தார். மறையும் வரை 20க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி முடித்தார். மக்களை வரலாறு படிக்கத் தூண்டுவதே தம் நோக்கம் என்பது அவர் வாக்குமூலம். வாசகர் விரும்பிப் படித்தனர். பாரசீகம், துருக்கி, உருது மொழிகளிலும் அவை பெயர்க்கப்பட்டன. ஆனால் 'அத்ராஉ குறைஷ்' போன்ற நாவலில், உஸ்மான் (ரலி) அவர்களின் ஷஹாதத்தையும் ஜமல், ஸிஃப்பீன் போர்களையும் ஒரு காதல் கதையின் பின்னணியாக அவர் ஆக்கியபோது, எது நடந்தது, எது புனைந்தது என்ற வினா எழுந்தது. வரலாற்று நாவலைப் பார்த்து வாசகர் கேட்கத்தக்க வினாவே அதுதான். வரலாற்றின் பெயரால் வாசகரின் நம்பிக்கையைப் பெற்றவர் அதற்குப் பதில் கூறியாக வேண்டும்.

அந்த வினாவை எப்படிக் கேட்பது என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஸைதான் எழுதிய இஸ்லாமிய நாகரிக வரலாறு (இது நாவலன்று, ஐந்து பாக வரலாற்று நூல்) பற்றி அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) 1912இல் அரபு மொழியிலேயே ஒரு மறுப்பு நூல் எழுதினார்கள். ஸைதான் மூலநூல்களை எங்கே திரித்தார், எதை மறைத்தார், உமய்யாக்கள் மீது எவ்வாறு அநீதி இழைத்தார் என்று மேற்கோள்களை ஒப்பிட்டுக் காட்டிய நூல் அது. விளக்கப்பட்ட ஜர்ஹ் என்றால் அதுதான். இதற்கு மாறாக 1910இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் இஸ்லாமிய வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு ஸைதானை அழைத்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அவர் எழுதியவை அல்ல, அவர் கிறிஸ்தவர் என்பதே அங்கே காரணமாயிற்று. இவ்விரண்டில் எது ஸைதானுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

சமூக நாவலின் நிலை வேறு. அதைப் பார்த்து வாசகர் 'இது நடந்ததா?' என்று கேட்பதில்லை. 'இது நம் வீடுதானே?' என்று கேட்கிறார். பின்னாளில் 'ஹயாத்து முஹம்மத்' எழுதிப் புகழ்பெற்ற முஹம்மத் ஹுஸைன் ஹைகல், 1913இல் கிராமத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிய 'ஸைனப்' நாவலை வெளியிட்டபோது தம் பெயரைப் போடவில்லை. 'எகிப்திய உழவன்' என்றே போட்டார். வழக்கறிஞர் ஒருவர் கதை எழுதினார் என்றால் கட்சிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம். 1929இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது தம் பெயரைத் தயங்காமல் இட்டார். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் மாறியது வாசகரே.

நஜீப் மஹ்ஃபூளின் முப்பெரும் நாவல் 1956, 1957 ஆண்டுகளில் வெளிவந்தது. மூன்று பாகங்களுக்கும் பழைய கெய்ரோவின் தெருப்பெயர்களே தலைப்பு. அதில் வரும் தந்தை அஹ்மத் அப்துல் ஜவாத், வீட்டில் மனைவி மக்களை நடுங்க வைப்பவர். வெளியே இன்பம் நாடுபவர். எகிப்திய மக்கள், வீட்டில் அதிகாரம் செலுத்தும் கணவனை இன்றும் 'ஸீ அஸ்ஸையித்' என்றே அழைக்கின்றனர். திரைப்படத்தின் பங்கும் அதில் உண்டு என்றாலும், ஒரு பாத்திரத்தின் பெயர் பேச்சு வழக்கில் பொதுச்சொல்லாகிவிட்டதென்றால், அதற்கு மேல் வாசகர் என்ன மதிப்புரை எழுத வேண்டும்?

இதே அனுபவம் நம் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் நிகழ்ந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. அதை வாசித்த என் லாத்தா, வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியைப் பற்றி, "இது நம்ம பெரிய வாப்பாதான்" என்று சொல்லிச் சிரித்தார். சற்று நேரம் கழித்து, "பாவம், பெரியம்மா" என்றார். மீரான் மீதும், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எழுதிய சல்மா மீதும் நம்மவர் கூறிய குறைகளில் நான் அதிகம் செவியுற்றது, 'நம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார்கள்' என்பதே. இது ஜர்ஹா என்றால், இல்லை. குப்பை இருக்கிறது என்பதை அது மறுக்கவில்லையே! 'இப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது', 'இந்தப் பாத்திரம் இப்படிப் பேசியிருக்க மாட்டாள்' என்று ஒருவர் சொன்னால் அது ஜர்ஹ். அதற்கு ஆசிரியர் பதில் கூற வேண்டும். ஆபாசம் என்று ஒருவர் குறிப்பிட்ட பக்கத்தைக் காட்டிச் சொன்னால் அதுவும் ஜர்ஹே. நானும் அத்தகைய சில பக்கங்களைப் புரட்டிக் கடந்தவன்தான்.

பொழுதுபோக்கு நாவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தன்தா நகரத்து மருத்துவரான அஹ்மத் காலித் தவ்ஃபீக், 1993 முதல் மலிவு விலைச் சட்டைப்பை நூல்களாகத் திகில் கதைகளை எழுதினார். அவருடைய நாயகன் ரிஃப்அத் இஸ்மாயீல், வழுக்கைத் தலையும் இதய நோயும் கொண்ட முதிய மருத்துவர். இலக்கிய விமர்சகர்கள் நெடுங்காலம் இவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2018 ஏப்ரலில் அவர் மறைந்தபோது ஜனாஸாவில் திரண்ட இளைஞர் கூட்டத்தைக் கண்டு பலர் வியந்தனர். இவ்வகை நாவலிடம் வாசகர் கேட்பது, கீழே வைக்க விடாமல் கதை தன்னை இழுத்துச் செல்கிறதா என்பது மட்டுமே. 'இதில் என்ன படிப்பினை?' என்று கேட்பது, மாங்காய் ஊறுகாயிடம் பசியாற்றவில்லையே என்று குறைப்படுவதைப் போன்றது.

கடினமானது உருவக நாவல். அங்கேதான் வாசகர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றம் இரத்தம் வரைக்கும் சென்றிருக்கிறது. மஹ்ஃபூள் பல ஆண்டுகள் எழுதாமலிருந்து, 1959 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 'அல்அஹ்ராம்' நாளிதழில் 'அவ்லாது ஹாரத்தினா'வைத் தொடராக எழுதினார். தெரு நாவலுக்குப் பழகிய வாசகர்கள் மற்றுமொரு தெருவின் கதையென்று நம்பி உள்ளே நுழைந்தனர். ஆனால் தெருவின் மூதாதை ஜபலாவியும், அத்ஹம், ஜபல், ரிஃபாஆ, காஸிம் ஆகியோரும் யாரை நினைவூட்டுகின்றனர் என்பது விரைவில் வெளிப்பட்டது. அஸ்ஹர் அறிஞர்கள் எதிர்த்தனர். தொடர் முழுமையாக வெளிவந்தாலும் எகிப்தில் நூலாகவில்லை. 1967இல் பெய்ரூத்தில்தான் அச்சேறியது.

அந்நாவலை நான் இருமுறை வாசித்திருக்கிறேன். எனக்கும் அதில் குறை உண்டு. அதை விளக்கியே சொல்கிறேன். நபிமார்களின் வாழ்வு நிகழ்ச்சிகளை அடிதடிக்காரர்கள் ஆளும் ஒரு தெருவுக்குள் ஒவ்வொன்றாகப் பொருத்தியதால், அந்த மகான்களின் கண்ணியமும் குறைந்தது. பாத்திரங்களும் தம் விருப்பப்படி நடக்க முடியாமல் ஏற்கெனவே போட்ட தடத்தில் நடக்கின்றன. முப்பெரும் நாவலின் தந்தைக்கு இருந்த உயிர் ஜபலாவிக்கு இல்லை. முதற்குறை மார்க்கம் சார்ந்தது, இரண்டாவது கலை சார்ந்தது. இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

1994 அக்டோபர் 14 அன்று, 82 வயது மஹ்ஃபூளை அவர் வீட்டு வாசலில் ஓர் இளைஞன் கழுத்தில் குத்தினான். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் எழுதும் கரம் நரம்பு பாதிக்கப்பட்டுப் பழைய வலிமையை மீண்டும் பெறவே இல்லை. தாக்கியவன் அந்நாவலைப் படித்ததே இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அதை அறிந்த பின்னரே பிறக்க முடியும் என்று மன்திக் பாடத்தின் தொடக்கத்திலேயே நாம் கற்பிக்கும் விதி இங்கே நினைவுக்கு வருகிறது. அந்நாவலைக் கடுமையாக எதிர்த்த அறிஞர்களுள் ஒருவர் ஷைக் முஹம்மத் அல்கஸ்ஸாலி (ரஹ்). அவர்கள் அதைப் படித்து எதிர்த்தவர்கள். தாக்குதலைக் கேள்வியுற்றதும் மருத்துவமனைக்குச் சென்று மஹ்ஃபூளை நலம் விசாரித்தவர்களும் அவர்களே.

என் மாணவர்களிடம் மீண்டும் வருகிறேன். இரண்டாமவரிடம், "அந்த நூலைப் படித்துவிட்டு உன் ஜர்ஹை ஒரு பக்கத்தில் எழுதி வா" என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். நாயகன் ஓயாமல் சிகரெட் பிடிக்கிறான் என்பது முதற்குறை. பேய் எதற்காக வந்தது என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை என்பது இரண்டாவது. முதலாவதற்கு எதிரே ஓரத்தில் 'ஷுஅபாவின் குதிரை' என்று எழுதினேன். இரண்டாவதன் கீழ்க் கோடிட்டு, 'ஏற்கப்பட்டது' என்றேன். போர்வைக்குள் வாசித்தவர் அதற்கு இணங்கவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அந்தக் கதையின் அழகே என்று வாதிடத் தொடங்கினார். முதல்நாள் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் பேசத் தெரியாதிருந்தவர், அன்று அஸர் பாங்கு ஒலிக்கும்வரை ஓயவில்லை.