சிரிக்க வைத்து விஷம் பரிமாறிய படம்

சுவரில்லாத சித்திரங்கள் (1979)
இயக்கம்: கே. பாக்யராஜ் | இசை: கங்கை அமரன்

தேனி அல்லிநகரம் இயக்குநர் பாரதிராஜாவின் ஊர். அவரிடம் ‘16 வயதினிலே’ படத்தில் தொழில் கற்ற பாக்யராஜ், கோபிசெட்டிபாளையம் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர். அவர் இயக்கிய முதல் படம் இது.

சுதாகரும் சுமதியும் காதலர்கள். சுமதியை ஒருதலையாய் விரும்பி அசடு வழிகிறவராக பாக்யராஜே நடித்தார். பக்கத்திலேயே கல்லாப்பெட்டி சிங்காரம். அந்த இழுவைக் குரலுக்கே கொட்டகை சிரித்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் வறுமையும் ஊர்வாயும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் நாயகியின் குடும்பம் விஷம் உண்கிறது. முதல் படத்திலேயே இப்படி முடிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பின்னாளில் திரைக்கதை மன்னன் என்று பெயர் வாங்கியவரின் கைப்பக்குவம், குறிப்பாகச் சின்னச் சின்னப் பொய்களில் கதையை நகர்த்தும் வித்தை, இதிலேயே தெரிகிறது.

அதே ஆண்டு ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் குருநாதர் அவரைக் கதாநாயகன் ஆக்கினார். 1981இல் ‘இன்று போய் நாளை வா’ வந்தது. அங்கும் காதலில் அசடு வழிகிறார், யாரும் சாகவில்லை.