மூன்று ஃபைல்களும் ஒரு பச்சைப் பொத்தானும்

மளிகைக் கடைக்கு ரசீது போடும் சிறிய நிரல் ஒன்றை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சரக்கின் பெயரையும் விலையையும் வைத்திருக்க ஒரு கிளாஸ், வாங்கியவற்றைக் கூட்டி வரி சேர்க்க ஒரு கிளாஸ், எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் மெயின் இருக்கும் கிளாஸ் ஒன்று. ஜாவா யூனிகோடை ஏற்கும் மொழி. ஆகவே சரக்கு, ரசீது, கடை என்று தமிழிலேயே இவற்றுக்குப் பெயர் வைக்கலாம். (லினக்ஸ் டெர்மினலில் அவை அப்படியே ஓடும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் தமிழ் எழுத்து சிதையக்கூடும் என்பதால் அங்கே ஆங்கிலப் பெயரே பாதுகாப்பு.) எக்ளிப்ஸ், இன்டெலிஜே போன்ற ஐடிஇ ஒன்றில் எழுதிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ரசீது வந்துவிடும். அதே மூன்று ஃபைல்களை வெறும் எடிட்டரில் எழுதி டெர்மினலில் ஓட்டச் சொன்னால், நன்றாகப் படித்த மாணவரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவதுண்டு: இந்த ஃபைலில் இருக்கும் கிளாஸை அந்த ஃபைலுக்கு எப்படித் தெரியப்படுத்துவது? ஐடிஇ-க்குள் நுழையும் முன் ஒரு முறையாவது இதற்கான விடையைக் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. எதையும் தெரியப்படுத்த வேண்டியதில்லை. மூன்று ஃபைல்களும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், கம்பைலரான ஜாவாசி-யிடம் கடை என்ற ஃபைலை மட்டும் கொடுத்தால் போதும். உள்ளே ரசீது என்ற சொல்லைக் கண்டதும் அதே பெயருள்ள ஃபைலை அது தானே தேடிப் போகும். அங்கே சரக்கு என்று இருந்தால் அதையும் தேடும். முடிவில் மூன்று கிளாஸ் ஃபைல்கள் கிடைக்கும். இம்போர்ட் வரி கூட வேண்டாம். பெயரே இங்கு முகவரி. பப்ளிக் கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கம்பைலர் அடம்பிடிப்பது அதனால்தான். சி மொழியில் பழகியவருக்கு இது புதிது. அங்கே வேறு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷனை ஹெடர் ஃபைல் மூலம் முன்கூட்டி அறிவித்து, கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகத் தைக்க வேண்டும். ஜாவாவில் அப்படித் தைக்கும் கட்டமே இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் கோஸ்லிங்கின் குழு 1991இல் தொடங்கி உருவாக்கிய இந்த மொழி 1995இல் வெளியானபோது, வலைப்பின்னல் வழியாக பிரவுசருக்கு நிரலை அனுப்புவது அதன் பெரிய கனவாக இருந்தது. தேவைப்படும் கிளாஸை மட்டும் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வேண்டுமானால், ஒவ்வொரு கிளாஸும் தனி ஃபைலாக, தன்னிடம் என்னென்ன மெத்தட்கள் உண்டு என்ற விவரத்தையும் தானே சுமந்துகொண்டு இருக்க வேண்டும். இன்றும் அது அப்படியே இருக்கிறது.

முகவரி என்ற இந்த ஒரு கருத்து பிடிபட்டால் பேக்கேஜும் பிடிபட்டுவிடும். மூன்று கிளாஸ்களையும் அங்காடி என்ற பேக்கேஜில் வைத்தால், அவை அங்காடி என்ற ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் அந்த ஃபோல்டருக்கு வெளியே, ஒரு படி மேலே நின்று, அங்காடி புள்ளி கடை என்று முழுப்பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஃபோல்டருக்குள்ளேயே போய் நின்று கடை என்று மட்டும் அழைப்பவருக்கு, மெயின் கிளாஸைக் காணவில்லை என்ற செய்திதான் வரும். ஃபைல் கண்ணெதிரே கிடக்க, காணவில்லை என்கிறதே என்று திகைப்பது இயல்பு. தேடல் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்வது கிளாஸ்பாத். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது நாம் நிற்கும் ஃபோல்டர். வெளியார் லைப்ரரி ஒன்றின் ஜார் ஃபைலைச் சேர்ப்பதற்காகக் கிளாஸ்பாத்தை நாமே எழுதினால், நிற்கும் ஃபோல்டர் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு புள்ளி வைத்து அதையும் சேர்த்தாக வேண்டும். லினக்ஸில் பட்டியலைப் பிரிப்பது முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. இவ்வளவுதான் மர்மம்.

ஐடிஇ மறைப்பது வெறும் தட்டச்சு வேலையைத்தான் என்று நினைப்பவர்கள் இன்னொன்றைச் செய்து பார்க்க வேண்டும். வரி என்ற நான்காவது கிளாஸில், விகிதம் என்ற ஸ்டாடிக் ஃபைனல் மாறிலியை 12 என்று வைத்து, ரசீது அதைப் பயன்படுத்தட்டும். எல்லாவற்றையும் கம்பைல் செய்து ஓட்டுங்கள். பிறகு 12ஐ 18 ஆக்கி, வரியை மட்டும் மறுபடி கம்பைல் செய்து ஓட்டுங்கள். ரசீது இன்னும் 12 விழுக்காடுதான் போடும். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. இப்படிப்பட்ட மாறிலியின் மதிப்பைக் கம்பைலர் பயன்படுத்தும் இடத்திலேயே படியெடுத்து ரசீதின் கிளாஸ் ஃபைலுக்குள் வைத்துவிட்டது. ஓடும்போது வரியை யாரும் கேட்பதே இல்லை. இது கோளாறன்று, ஜாவா மொழி விவரக்குறிப்பின் 13ஆம் அத்தியாயத்தில் விளக்கப்பட்ட நடத்தை. ஐடிஇ-யில் இது கண்ணில் படாது, ஏனென்றால் எது எதைச் சார்ந்தது என்று அது கணக்கு வைத்து ரசீதையும் சேர்த்துக் கம்பைல் செய்துவிடுகிறது. ஆனால் சர்வரில் ஒரே ஒரு ஜார் ஃபைலை மட்டும் மாற்றி வைக்கும் நாளில் அந்தக் கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருக்கமாட்டார். கம்பைல் நேரம் வேறு, ஓடும் நேரம் வேறு என்பதை உணர்ந்தவர் மட்டுமே, பழைய எண் எங்கிருந்து வருகிறது என்று சரியான இடத்தில் தேடுவார்.

மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. முதல் பருவத்தில் லூப் எழுதவே திணறும் மாணவர் தலையில் கிளாஸ்பாத்தையும் ஏற்றலாமா என்கிறார்கள். ஏற்ற வேண்டாம். இரண்டாவது கிளாஸ் எழுதும் நாள் வரை அதற்குத் தேவையே வராது. வந்தபின் ஒரு பிற்பகல் போதும். அலுவலகங்களில் யாரும் ஜாவாசியைக் கையால் தட்டுவதில்லை, மேவன், கிரேடில் போன்ற கருவிகள் பார்த்துக்கொள்கின்றன என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் அவையும் அதே கம்பைலரிடம் அதே கிளாஸ்பாத்தைத்தான் நீட்டுகின்றன. அவை தவறும்போது திரையில் வருவதும் அதே பிழைச் செய்திகள்தான், பத்து மடங்கு இரைச்சலோடு. ஐடிஇ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர் திருத்துவதிலும் பிழை சுட்டுவதிலும் அதற்கு ஈடில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஜாவாவிலிருந்தே வருகிறது. 2018இல் வந்த ஜாவா 11, ஒற்றை ஃபைலில் உள்ள நிரலைத் தனியாகக் கம்பைல் செய்யாமலே நேராக ஓட்ட வழிசெய்தது. 2024இல் வந்த ஜாவா 22 பல ஃபைல்களுக்கும் அதை விரித்தது: கடை என்ற மூல ஃபைலை ஓட்டு என்றால், மற்றவற்றைத் தானே தேடி நினைவகத்திலேயே கம்பைல் செய்துகொள்கிறது, கிளாஸ் ஃபைல் எதுவும் வட்டில் விழுவதில்லை. பிறகு இதையெல்லாம் கற்பது எதற்கு? அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று சோதித்தால் தெரியும். சரக்கு என்ற கிளாஸை உதவி என்ற பெயருள்ள ஃபைலில் வைத்துவிட்டு ஓட்டினால், ஜாவா 22 அதைக் கண்டுபிடிப்பதில்லை. ஃபைலின் பெயரைச் சரக்கு என்று மாற்றினால், அதே கட்டளை ஓடி ரசீதைக் கொடுக்கிறது.