பழைய கேம்சாப்ட் வாங்குமுன்

உழவு இயந்திரம் இழுவை குறைந்து, எஞ்சினின் மேற்பகுதியில் டக் டக் என்று சத்தமும் கேட்டால், "கேம்சாப்ட் போய்விட்டது" என்று கராஜில் சொல்லிவிடுவார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் புதிய உதிரிப்பாகங்களின் விலை பலருக்கு எட்டாததாகிவிட்டது. ஆகவே குத்தகைக் காணியில் பயிர்செய்யும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பழைய இரும்புக் கடையை நாடுகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1990 இல் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை 2002 இல் தளரும்வரை எமது மக்கள் பழைய பாகங்களைக் கொண்டே வயல் உழுதார்கள், கிணறு இறைத்தார்கள். ஆனால் நகையை அடகு வைத்த பணம் உதவாத இரும்புத் துண்டுக்குப் போகக் கூடாது.

வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வதே கேம்சாப்டின் வேலை. நான்கடிப்பு எஞ்சினில் கிராங்சாப்ட் இரண்டு தடவை சுற்றும்போது இது ஒரு தடவை சுற்றும். இதிலுள்ள முட்டை வடிவான மேடுகள் டப்பெட்டைத் தள்ள, வால்வு திறக்கும். மேடு தேய்ந்தால் வால்வு போதிய அளவு திறக்காது; எஞ்சினுக்குள் காற்றுக் குறையும்.

முதலில் குற்றவாளி இதுதானா என்று பாருங்கள். டப்பெட் இடைவெளியைச் சரிசெய்த பின், எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துவிட்டு, வால்வு மூடியைக் கழற்றிக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மெசி பெர்குசன் 135, 240 ஆகியவற்றிலுள்ள பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினில் காற்று உள்ளெடுக்கும் மூன்று வால்வுகளும் ஒரே அளவு கீழிறங்க வேண்டும். புகை வெளியேற்றும் மூன்றும் அவ்வாறே. எல்லாம் சமமாக இறங்கினால் பணத்தைச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். பல தடவைகளில் டப்பெட் இடைவெளி மட்டுமே பிழையாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய கேம்சாப்டைக் கையோடு கொண்டு போங்கள். இரும்பில் புடைத்து நிற்கும் இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது வார்ப்பின் இலக்கம். ஒரே வார்ப்பை வெவ்வேறு எஞ்சின்களுக்காக வெவ்வேறு விதமாகக் கடைந்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சாவி வெட்டை ஒரே திசைக்குத் திருப்பி, முழு நீளம், பல்லுச்சக்கரத்தின் பற்கள், பெயரிங்கில் இருக்கும் பகுதிகளின் விட்டம், மேடுகளின் வரிசை, அவை நோக்கும் திசை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மேலே சொன்ன எஞ்சினில் ஆறு மேடுகளுடன் டீசல் பம்பைத் தள்ளும் வட்டமான மேடு ஒன்றும் இருக்கும். அதை எண்ண மறந்து வாங்கி வந்தவர்களும் உண்டு.

அடுத்தது தேய்மானம். வேணியர் இடுக்கி கடைச்சல் பட்டறையில் கிடைக்கும். மேட்டின் உச்சிக்குக் குறுக்கே அளந்த உயரத்திலிருந்து, வட்டப் பகுதியின் விட்டத்தைக் கழித்தால் மேட்டின் ஏற்றம் வரும். ஒரே வகை மேடுகளில் ஒன்று மற்றவற்றைவிடக் கால் மில்லிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் நான் வாங்கச் சொல்லமாட்டேன். நகத்தை மேட்டின்மேல் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் குழி விழுந்திருக்கிறது. மேட்டின் ஓரத்தில் நுண்ணிய அரத்தை வைத்தால் வழுக்க வேண்டும். கடித்தால் மேற்பரப்பின் கடினம் போய்விட்டது. வெள்ளத்தில் அல்லது மண்ணுக்குள் கிடந்து எடுக்கப்பட்டவற்றில், துரு பெயரிங் பகுதியைத் தின்றிருக்கிறதா என்று பாருங்கள். வளைவை அதே பட்டறையில் சுழற்றிப் பார்க்கலாம்.

தேய்ந்த மேட்டை ஒட்டி நிரப்பிக் கையால் அராவித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். சூட்டில் தண்டு வளையும், கடினமும் போகும்.

டப்பெட் விடயத்தில்தான் பெரும்பாலான நட்டம் வருகிறது. பழைய டப்பெட் தான் ஓடிய மேட்டோடு மட்டுமே பழகியது. வேறு மேட்டில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே கேம்சாப்டை வாங்கும்போது, அதனுடன் ஓடிய டப்பெட்டுகளையும் வரிசை குலையாமல் முட்டைத் தட்டில் அடுக்கி வாங்குங்கள். வரிசை தெரியாவிட்டால் புதிய டப்பெட்டுகள் போடுங்கள். அடிப்பக்கம் குழிந்த டப்பெட்டை எறிந்துவிட வேண்டும்.

பூட்டுமுன் ஒயில் துவாரங்களை மண்ணெண்ணெயால் கழுவி, மேடுகளில் ஒயிலைத் தாராளமாகப் பூசி, பல்லுச்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளைப் பொருத்துங்கள். ஸ்டார்ட் செய்தபின் முதல் 20 நிமிடங்கள் மெதுவான ஓட்டத்தில் விடாமல் நடுத்தர வேகத்தில் ஓடவிடுங்கள். பின்னர் டப்பெட் இடைவெளியை மீண்டும் பார்த்து, ஒயிலையும் மாற்றிவிட்டு வயலுக்குக் கொண்டு போகலாம்.